கத்தரிப்பூ நிறத்தில் நூறு சேலை

அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தொட்டுவிட்டது. "மனசுல இருக்கறத யார்கிட்டயாவது கொட்டுங்கம்மா, இல்லன்னா எழுதுங்க" என்றார். கொட்டுவதற்கு வீட்டில் இருப்பவர் இவர் ஒருவர்தான். இவரிடம் எதைக் கொட்டினாலும் "எதுக்கு வம்பு, இந்து" என்று ஒரே பதில்தான் வரும். ஆகவே டைரி. அதுவும் போன வருஷத்து டைரி. உரக் கம்பெனிக்காரர் யாரோ இவருக்குக் கொடுத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை தப்பாக இருக்கும். அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் கடிதம் எழுதியே காலம் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கூடுவாஞ்சேரி தாண்டி இந்தச் செண்பகா என்கிளேவுக்குக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எழுபத்திரண்டு வீடுகள். எழுபத்திரண்டும் தயிர்ச்சாத நிறம். நாங்கள் முப்பத்தேழு.

இன்று மகளிர் அணிக் கூட்டம். தலைவி ஒன்றாம் நம்பர் வீட்டு ஹேமலதா. பால்கனியில் துணி காயப்போடுவது நம் என்கிளேவின் லுக்கைக் கெடுக்கிறது, தடை செய்ய விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார். யாரும் தூக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு நிர்மலாவின் காதுக்குள் ஒரு கொசு நுழையப் பார்த்தது. அதை விரட்ட அவள் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் தூக்கினார். பத்து விநாடியில் மண்டபம் முழுக்கக் கைகள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கை தானாகப் போயிற்று.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று நான்தான் குறிப்பேட்டில் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, திங்கள்

இவருடைய பனியன்களைக் குளியலறையில் காயப்போட்டேன். காயவில்லை.

அக்டோபர் 15, புதன்

புனேயிலிருந்து சாருமதி வீடியோவில் பேசினாள். நவராத்திரிக்கு நாங்கள் எல்லாரும் கிளிப்பச்சைச் சேலையில் எடுத்துக்கொண்ட படத்தை அனுப்பியிருந்தேன். எங்கள் மகளிர் அணியில் ஒவ்வொரு விழாவுக்கும் ஒரே சேலை, ஒரே ரவிக்கை. ஒன்றரை வருஷத்தில் பதினோரு சேலை சேர்ந்துவிட்டது. அலமாரியில் அவற்றுக்கென்று தனித் தட்டு.

"அம்மா, இதுல நீ எது?" என்று கேட்டாள் பெண்.

"என்னடி கேள்வி இது. ரெண்டாவது வரிசையில இடமிருந்து நாலாவது" என்றேன்.

பேசி முடித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து நாலாவது நிர்மலா. என்னைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. வெளிச்சம் போதாமல் எடுத்த படம்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி நன்றாக நடந்தது. அதிரசம் பிரிந்துவிட்டது, பரவாயில்லை.

இன்று ஒரு கூத்து. தீபாவளிக்குப் பவுனுக்குப் புதுச்சேலையோடு, போன பொங்கலுக்கு வாங்கிய அரக்குச் சேலையையும் கொடுத்திருந்தேன். பவுனு எங்கள் வீட்டிலும் நிர்மலா வீட்டிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் வேலை செய்கிறாள். நந்திவரத்திலிருந்து நடந்தே வருவாள். இப்போதுதான் தெரிகிறது, எல்லா வீட்டிலும் அவரவர் வேலைக்காரம்மாவுக்கு அதே அரக்குச் சேலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில் வாங்கினோம், ஒரே சமயத்தில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. காலையில் இங்கே வேலை செய்யும் இருபத்தெட்டுப் பெண்களும் அரக்குச் சேலையில் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். எங்களைவிட அவர்களுக்குப் பொருத்தமாக இருந்தது.

ஹேமலதாவின் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். வழியில் பவுனைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறார்.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு, பன்னெண்டு, அம்பத்தொண்ணுங்க" என்றாளாம் பவுனு.

நாத்தனார் வீட்டுக்குப் போய், "இங்க ஒரு அம்மாவுக்கு நாலு வீடு சொந்தமாமே, பார்த்தா எவ்வளவு எளிமை" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் எங்கள் போன் குழுவில் ஹேமலதாவின் செய்தி வந்தது. அவசரக் கூட்டம், ஞாயிறு பத்து மணி. எழுபத்தோரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். நான் எழுபத்திரண்டாவது.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டு தீர்மானங்கள். சீருடைச் சேலைகளை இனி வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வேலை செய்பவர்கள் சாம்பல் நிறக் கோட் அணிந்து பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். முதுகில் 'உதவியாளர்' என்று எழுதியிருக்கும். பொங்கல் வரை பழகிக்கொள்ளலாம். அதன் பிறகு கோட் இல்லாமல் வந்தால் பாஸ் ரத்து.

"இது அவங்க மரியாதைக்காகத்தான்" என்றார் ஹேமலதா.

எழுந்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். என்ன மரியாதை என்று கேட்டால் போதும். அதற்குள் கை தூக்கச் சொன்னார்கள். கொசு எதுவும் இல்லை. நான் தூக்கினேன். குறிப்பேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதும்போது பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன்.

நவம்பர் 3, திங்கள்

கோட் வந்துவிட்டது. பவுனு அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, கெவுனா?"

"கோட். வேலைக்கு வர்றப்ப போட்டுக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"கமிட்டியில முடிவு பண்ணாங்க."

"நீயும் கீறியே அதுல."

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம். கண் எரிந்தது.

"நான் போட மாட்டேம்மா. எம் மொதுகுல எழுதி வச்சுதான் நான் யாருன்னு தெரியணுமா? பதினாலு வருசமா இதே ரோட்டுல வந்துகினுகீறேன். இங்க வீடு கட்டறப்ப கல்லு தூக்கனவ நானு."

கோட்டை நாலாக மடித்து, மண்பானைக்கு அடியில் புரிமணைபோல் வைத்துவிட்டாள். பானை ஆடாமல் நிற்கிறது.

பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அதற்குள் மனசு மாறிவிடும். பவுனுக்கு என்று நினைத்துத்தான் எழுதினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பொங்கல் சேலைக்கு வாக்கெடுப்பு. ஹேமலதா மூன்று நிறங்களைப் படம் போட்டு, "எனக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிச்சிருக்கு, உங்க இஷ்டம்" என்று எழுதியிருந்தார். எழுபத்திரண்டு பேருக்கும் கத்தரிப்பூ நிறம் பிடித்துவிட்டது. எனக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிக்காது. என் நிறத்துக்கு அது ஜுரம் வந்தவள்போல் காட்டும். கட்டைவிரல் போட்டேன்.

ஆர்டர் கொடுக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீங்கதான் ஆபீஸ்ல இருந்தவங்க" என்று ஒரு காரணம்.

நவம்பர் 25, செவ்வாய்

காஞ்சிபுரத்துப் பக்கம் அய்யம்பேட்டைக்கு நானும் இவரும் போய் வந்தோம். தறிக்காரர் கந்தசாமி நல்ல மனிதர். பருத்திச் சேலை, கத்தரிப்பூ நிற உடல், பச்சைக் கரை. ஆனால் நூறு சேலைக்குக் குறைந்து சாயம் தோய்க்க முடியாது என்றார்.

"நாங்க எழுபத்திரண்டு பேர்தாங்க" என்றேன்.

"அதனால என்னம்மா, மீதி இருபத்தெட்ட யாராவது கேட்டு வந்தா குடுத்துட்டுப் போறேன்."

இருபத்தெட்டு. அந்த எண்ணை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. திரும்பி வரும்போது இவர் வண்டியில் தூங்கிவிட்டார். வாலாஜாபாத்தில் நிறுத்தி இளநீர் குடித்தோம்.

நவம்பர் 27, வியாழன்

மாதாந்திரச் சுத்தம். பரண் துடைத்தாயிற்று.

தறிக்காரரின் கார்டை உணவு மேசை மேல் வைத்திருந்தேன். பவுனு மேசை துடைப்பாள். துடைக்கும்போது கண்ணில் பட்டிருக்கலாம். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஒன்பதாவது வரை போயிருக்கிறாள். எங்கள் பேச்சில் அய்யம்பேட்டை பற்றி வந்தது. வேலை செய்யும்போது எதையாவது பேசுவது வழக்கம்தானே. இருபத்தெட்டுச் சேலை மீந்துபோன விஷயத்தைச் சொன்னேனா என்று நினைவில்லை.

பவுனு அவர்கள் தெரு மகளிர் குழுவில் பொருளாளர். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நிர்மலா இன்று காபிக்கு வந்தாள். நான் எதற்கோ சிரித்தேன். "இந்து, நீ ஹேமலதா மாதிரியே சிரிக்கிற" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அவள் போனபின் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். வாயை முழுக்கத் திறக்காமல், தலையைச் சாய்த்து, கடைசியில் ஒரு 'ஹ்ம்'. அது என் சிரிப்பு இல்லை. என் சிரிப்பு சத்தமாக இருக்கும். இலாகாவில் மூன்றாவது மாடியில் சிரித்தால் கேன்டீனில் கேட்கும் என்பார்கள்.

ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூடம் தெரிகிறது. எங்கள் வீட்டுத் திரைச்சீலை, எங்கள் சோபா, எங்கள் பிள்ளையார். அங்கே யாரோ எழுந்து போனார்கள். ஒரு கணம் நான்தானோ என்று பார்த்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை. டாக்டர் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். எதுக்கு வம்பு என்றார்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஜனவரி பதினொன்று என்கிளேவ் பொங்கல். வட்டாட்சியர் தலைமை விருந்தினர். சுற்றறிக்கை எழுதும் வேலை எனக்கு. ஹேமலதா போனில் சொன்னார்: "சேலை விஷயத்துல ஸ்ட்ரிக்டா எழுதுங்க இந்திராணி. அன்னிக்கு வேற நிறத்துல ஒருத்தர் நின்னாலும் போட்டோ கெட்டுடும்."

ஸ்ட்ரிக்டாக எழுதினேன். நாலாவது பாயிண்ட் இது:

'விழா நாளன்று சீருடைச் சேலை அணிந்த மகளிர் அனைவரும் முன்வாசல் வழியே அனுமதிக்கப்படுவர். அவர்களுக்குப் பாஸோ கோட்டோ தேவையில்லை. சீருடைச் சேலை அணியாத பெண்கள், யாராயிருப்பினும், பின்வாசல் வழியே கோட் அணிந்து வரவேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை.'

முப்பது வருஷத்து இலாகா நடை. ஹேமலதாவுக்கு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் 'சூப்பர்' என்று பதில் வந்தது. இரண்டு பக்கத்தை அரை நிமிஷத்தில் படிக்கிறவர் என்றால் கெட்டிக்காரர்தான்.

முன்வாசல் காவலர் ஏகாம்பரத்திடம் ஒரு நகல் கொடுத்தேன். பட்டாளத்தில் இருந்தவர். எழுத்தில் வந்தால் எமனையும் நிறுத்துவார்.

ஜனவரி 4, ஞாயிறு

பவுனு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்குத் திடலில் கூடிவிட்டோம். கத்தரிப்பூ நிறத்தில் நாங்கள். வேலை செய்பவர்களைப் பாத்திரம் கழுவ, கரும்பு வெட்ட எட்டரைக்கு வரச்சொல்லியிருந்தது, பின்வாசல் வழியாக. எட்டரைக்கு முன்வாசலில் நான்கு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. இருபத்தெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். கத்தரிப்பூ நிற உடல், பச்சைக் கரை, தலையில் கனகாம்பரம். முதலில் பவுனு. ஏகாம்பரம் சுற்றறிக்கையை எடுத்து நாலாவது பாயிண்டைப் படித்தார், சேலையைப் பார்த்தார், சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார்.

திடலில் நூறு சேலை. ஹேமலதா இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார். அவர் தலை அலங்காரத்துக்குக் கூடுவாஞ்சேரி போயிருந்தார். அவர் இல்லாமல் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பன்னிரண்டாம் நம்பர் மாமியார், பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் தன் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் சொல்லித் தீர்த்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தது பவுனு. "அதெல்லாம் நானே பாத்துகினுதாங்க கீறேன்" என்று பவுனு சொன்னபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

ஒன்பதேகாலுக்கு ஹேமலதாவின் கார் முன்வாசலுக்கு வந்தது. விருந்தினரை வரவேற்கிறவர் தனியாகத் தெரிய வேண்டும் என்று தன் சீருடைச் சேலையைப் பொங்கலுக்கு வந்திருந்த நாத்தனாருக்குக் கட்டக் கொடுத்து முன்னால் அனுப்பிவிட்டு, மயில் கழுத்து நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தார்.

"மேடம், சீருடைச் சேலை இல்ல. பின்வாசல்" என்றாராம் ஏகாம்பரம்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியும் மேடம். நாலாவது பாயிண்ட். யாராயிருப்பினும்னு போட்டிருக்கு."

எனக்கு ஏழு தடவை போன் செய்திருக்கிறார். என் போன் பையில் இருந்தது, பை நாற்காலியில் இருந்தது, நான் பொங்கல் பானையருகே இருந்தேன். கார் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனது. அங்கே இருந்த பெண் காவலரிடமும் ஒரு நகல் இருந்தது, கூடவே ஒரு சாம்பல் கோட்டும். நகல் யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

வட்டாட்சியர் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். முன்னால் நின்ற பவுனு சந்தனம் கொடுத்தாள்.

"நீங்கதான் தலைவியா?" என்று கேட்டார்.

"தலைவி வந்துகினுகீறாங்க சார். நாங்க கீறோம், வாங்க" என்றாள்.

அவர் மேடையில் உட்கார்ந்தார். நூறு பேரையும் சேர்த்துப் படமெடுக்க ஆள் ஏணியில் ஏறி, கேமராவைப் பாருங்கள் என்றான். அப்போதுதான் ஹேமலதா மூச்சிரைக்க ஓடி வந்தார், பட்டுக்கு மேல் சாம்பல் கோட்டோடு. முதுகில் 'உதவியாளர்'. வட்டாட்சியர் அவரைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

ஹேமலதா கொண்டுவந்து கொடுத்தார். அதை அவர் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நான் சிரிக்கவில்லை.

பொங்கல் சற்று அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

காலையில் பவுனு வரவில்லை. பாஸைப் பிடுங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதினோரு மணிக்கு ஹேமலதா போன் செய்தார். குரல் மிக மென்மையாக இருந்தது.

"தறிக்காரர் நம்பர் உங்க ஒருத்தர்கிட்டதான் இருந்தது. உங்க வீட்டுலேருந்து கார்டைத் திருடியிருக்கா. நீங்க பாவம், என்ன பண்ணுவீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல திருட்டுன்னு பதிவு பண்ணி பாஸை நிரந்தரமா ரத்து பண்ணிடுவோம். மத்தவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும். உங்க பேர் எங்கயும் வராது."

நான் "ம்" என்றேன்.

திருடி என்று எழுதிவிட்டால் பவுனுக்கு இங்கே நாலு வீடும் போகும். பக்கத்து என்கிளேவிலும் சேர்க்க மாட்டார்கள். காவலர்களுக்குள் ஒரு குழு இருக்கிறது, படத்தோடு போட்டுவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் 'ம்' என்றேன்.

ஜனவரி 14, புதன். போகி

பாத்திரம் நானே தேய்க்கிறேன். இவருக்குத் தட்டு வழவழவென்று இருக்கிறதாம்.

காய்கறி வாங்கப் போகும்போது ஏகாம்பரம் சொன்னார்: "நம்பர் யார் குடுத்தான்னு நானே அந்தம்மாகிட்ட கேட்டேன் மேடம். தானா தெரிஞ்சுதுன்னு ஒரே பேச்சு. வாயத் தொறக்க மாட்டேங்குது."

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை.

நவம்பர் இருபத்தேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். படித்துவிட்டு மூடிவைத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

கூட்டத்துக்குக் கிளம்பும்போது இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கு வம்பு, இந்து" என்றார்.

"வம்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். இடது வலது மாறிவிட்டது, திரும்ப மாட்டினேன்.

அறுபத்தாறு பேர் வந்திருந்தார்கள். நான் முன்வரிசை, மடியில் குறிப்பேடு. பக்கத்தில் நிர்மலா. ஹேமலதா முதலில் வேறு நாலு விஷயம் பேசினார்; நீச்சல் குளம், நாய்ப் பெல்ட். பின்வரிசைகள் வழக்கம்போல் போனுக்குள் போய்விட்டன. பிறகு ஐந்தாவது விஷயத்துக்கு வந்தார்.

"அந்த லேடிக்குத் தறிக்காரர் நம்பரை நம்மள்ல யாராவது குடுத்திருந்தா இப்பவே கை தூக்கலாம். யாரும் இல்லன்னா அது திருட்டு. அப்படியே ரெக்கார்ட் பண்ணிக்குங்க இந்திராணி."

என்னைப் பார்த்துச் சிரித்தார். பேனா தயாராக இருந்தது. எத்தனையோ தீர்மானங்களுக்குத் தானாகப் போன கை இன்று மடியை விட்டு எழ மாட்டேன் என்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித்தான் தூக்கினேன். ஒரு வழியாகத் தோளுக்கு மேல் போயிற்று.

மண்டபத்தில் ஒரே ஒரு கை. என்னுடையது. ஹேமலதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன்.

நாலாவது விநாடியில் நிர்மலா என்னைப் பார்த்தாள். அவள் கையும் மேலே போயிற்று. அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் தூக்கினார். பிறகு வரிசை வரிசையாக, அந்தக் கொசு வந்த நாள் போலவே, மண்டபம் முழுக்கக் கைகள். போன் வைத்திருந்தவர்கள் மறு கையைத் தூக்கினார்கள்.

"என்ன இது, கையை இறக்குங்க" என்று ஹேமலதா அமர்த்துவதற்காகத் தன் கையைத் தூக்கினார். அதையும் சேர்த்து எண்ணினேன்.

'தறிக்காரரின் எண்ணைப் பவுனுக்குக் கொடுத்தது தாங்களே என மகளிர் அணியினர் அனைவரும், தலைவி உட்பட, ஒருமனதாக ஒப்புக்கொண்டனர். திருட்டு என்ற பேச்சு கைவிடப்பட்டது. பாஸ் திருப்பித் தரப்படும்.' எழுதி, உரக்கப் படித்து, ஹேமலதாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். எழுத்தில் இருப்பதை மறுத்தால் பால்கனித் துணி முதல் எல்லாத் தீர்மானமும் ஆட்டம் கண்டுவிடும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போட்டார்.

கோட் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்கு நான் எழுந்து நின்று பேசப் போகிறேன். இப்போதே எழுதி வைக்கிறேன், பின்வாங்கக் கூடாது பாருங்கள்.

வெளியே வந்ததும் நிர்மலா காதோரம், "ஆமா இந்து, எதுக்குக் கை தூக்கினோம்?" என்று கேட்டாள்.

"கொசு" என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

பவுனு வந்தாள். முன்வாசல் வழியாக, தன் பழைய ரோஸ் சேலையில். வந்ததும் பாத்திர அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, இப்டியா தேச்சு வைப்பாங்க? எல்லாம் பிசுக்குனு கீது."

எல்லாவற்றையும் எடுத்துத் தொட்டியில் போட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். போன திங்கட்கிழமை போனில் ஹேமலதா திருடி என்று சொன்னபோது நான் "ம்" போட்டதைச் சொன்னேன். கை தூக்கியதையும் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்டியாவா தூக்கனே?"

"மூணு செகண்டு."

"அப்பால?"

"அப்பறம் எல்லாரும் தூக்கிட்டாங்க."

"அந்த 'ம்'ம மொதல்லயே சொல்லிட்டே, நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு குக்கரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். போகும்போது, "நாளிக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வையி, குக்கர்லாம் கருத்துப் போச்சு" என்றாள்.

சாயங்காலம் சாருமதி பேசினாள். பொங்கல் படத்தைக் குழுவில் யாரும் போடவில்லை. ஏணிக்காரனிடம் கேட்டு வாங்கி அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். நூறு பெண்கள், நூறு கத்தரிப்பூ நிறச் சேலை.

"இதுல நான் எதுன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்றேன்.

"இதுல என்ன கண்டுபிடிக்கறது? மூணாவது வரிசை, பவுனக்கா பக்கத்துல" என்றாள், கேட்டு முடிப்பதற்குள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹேமலதா ஓடிவந்த நிமிஷம். தொண்ணூற்றொன்பது பேர் ஏணிக்காரன் சொன்னபடி கேமராவைப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் பவுனின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்.

பதினோராம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். 'நான் சிரிக்கவில்லை' என்ற வரியைக் கிழமையை அடிப்பதுபோல் அடித்துத் திருத்தினேன். பேனா கையில் இருக்கும்போதே நவம்பர் இருபத்தேழில் 'நினைவில்லை' என்ற வரிக்கும் போனேன்.